கழுவாத துண்டு

பட்டப்பகல் வெளிச்சம் ஆய்வுக்கூடத்தில் கண் கூசுகிறது. ஆராய்ச்சி மாணவி திரையையே வெறித்துக்கொண்டிருக்கிறாள். உருக்கிய வெள்ளீயத்துக்குள் மூன்று வாரம் அவள் வளர்த்த, சீரியம் என்ற உலோகம் கலந்த படிகம், கடுங்குளிரில் மின்தடையை அடியோடு இழக்கிறதென்று அவளும் பேராசிரியரும் கட்டுரை அனுப்பியாயிற்று. நேற்றுதான் அவளுக்குப் பொறி தட்டியது: அதே குளிரில் வெறும் வெள்ளீயமும் அப்படித்தான் செய்யும். காலையில் படிகத்தில் ஒரு துண்டை அமிலத்தில் போட்டுக் கழுவினாள். மேலே ஒட்டியிருந்த வெள்ளீயம் குமிழ் குமிழாகக் கரைந்தது. இப்போது அந்தத் துண்டைக் குளிர வைத்து அளந்தால், திரையில் மின்தடைக் கோடு எங்கேயும் சரியாமல், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நேராகப் போகிறது. குளிரூட்டும் பம்பு மட்டும் வேலை மெனக்கெட்டு டக்டக்கென்று அடித்துக்கொள்கிறது. முதுகுக்குப் பின்னால் பேராசிரியரின் செருப்புச் சத்தம் நிற்கிறது. "நாம கண்டுபிடிச்சது வெள்ளீயத்தைத்தான் சார். அதைக் கண்டுபிடிச்சு பல ஆயிரம் வருஷம் ஆச்சு," என்கிறாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் ரொம்ப நேரம் துடைக்கிறார். "பத்திரிகையிலேர்ந்து மறுபடி அளந்து அனுப்பச் சொல்லியிருக்காங்க. கழுவாத துண்டு ஏதாவது பாக்கி இருக்காம்மா?" கட்டுரையில் முதல் பெயர் அவளுடையது. மேலங்கிப் பையில் கிடக்கும் சின்ன டப்பாவை அவள் விரல்கள் தடவுகின்றன. "இருக்கு சார்."