தானாக வந்த கல்

வெற்றிச்செல்வியின் சோளக்காட்டு வரப்பில், நேற்றுவரை இல்லாத கல் ஒன்று மஞ்சள் துணி கட்டி நிற்கிறது. சுயம்பு என்கிறார் குருமூர்த்தி, ரோட்டுக்கு வழியில்லாத பக்கத்துக் காட்டுக்காரர், ரிட்டயர்டு வாத்தியார். வெயில் ஏறுகிறது. காய்ந்த தோகைகள் சலசலக்கின்றன. கற்பூரத் தட்டும் கையுமாக அவர் பாடம் நடத்துகிறார். "சோளம் விதையிலேருந்து வருது. விதை முந்தின சோளத்துலேருந்து. இப்படியே பின்னாடி போனா, எதுலேருந்தும் வராம தானா இருக்கிற ஒண்ணு இருந்தே ஆகணும்ல? அதான்மா கடவுள். கோயிலுக்கு ஒரு நாலு சென்ட்டு விட்டுக்குடு." "எங்களுக்கு விதை கடையிலேருந்துதான் சார் வருது. போன வருசச் சோளத்தைப் போட்டா கதிர் தேறாது," என்கிறாள் அவள். அவர் சிரிக்கிறார். பார்வை மட்டும் கல்லைத் தாண்டி, குன்னம் ரோட்டைத் தொடும் அவளுடைய வண்டிப்பாதையில் நிற்கிறது. அதை அவள் பார்த்துவிடுகிறாள். கும்பிடுவதுபோலக் குனிந்து கல்லின் அடியைச் சுரண்டுகிறாள். காடு முழுக்கக் கரிசல். அவள் நகத்தில் ஏறியிருப்பது ஈரம் காயாத செம்மண். விரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டுகிறாள். "சாமி தானா வந்துச்சுன்னே வெச்சுக்குவோம். இந்த மண்ணு எதுலேருந்து சார் வந்துச்சு?" தட்டில் கற்பூரம் அணைகிறது.