தொண்ணூறாவது வாக்கு

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். சங்க மண்டபத்தில் புகை அலாரம் இருப்பதால் வெளியே வைத்துச் செய்வேன்.

பீரங்கி வாங்கும் சட்டத்துக்கு டென்மார்க் பாராளுமன்றத்தில் தொண்ணூறு வாக்கு வேண்டியிருந்தது. எண்பத்தொன்பது சேர்ந்துவிட்டது. தொண்ணூறாவது வாக்கு கிரின்ஸ்டெட் ஊரில், எங்கள் தமிழ்ச் சங்கத்தின் கூட்ட அறையில், இரண்டாவது தட்டு றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

அந்த வாக்கின் பெயர் கார்ஸ்டன். நல்ல மனிதர். யுத்தத்தைப் பற்றி அவருக்குத் தனியாக ஒரு அபிப்பிராயமும் இல்லை. தன் தொகுதிக்கு ஏதாவது கிடைத்தால் பொத்தானை அழுத்துவதாக அரசாங்கத்திடம் சொல்லியிருந்தார். அரசாங்கமும் சரி என்றது. என்ன வேண்டும் என்று ஊரைக் கேட்டு எழுதிக்கொண்டு வரட்டாம்.

ஆகவே கொப்பியும் பேனையுமாகச் சங்கம் சங்கமாகத் திரிந்தார். அவர் கதவைத் திறக்கும் முன்னமே கைப்பந்துக் கழகம் கூரை என்றது. குதிரைக்காரர்கள் குதிரைக்குத் தனிப்பாதை கேட்டார்கள். நீச்சல் குளத்துக்காரர்கள் தண்ணீரை இன்னும் இரண்டு பாகை சூடாக்கச் சொன்னார்கள். எங்களிடம் வந்தபோது கொப்பி முடிந்து சட்டைக் கையிலும் எழுதியிருந்தார். என் கண்ணால் கண்டேன்.

எங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. எஸ்பியர்க் நகரத்துக்குப் போகிற பஸ்.

பீரங்கிக்குக் காசு காணாது என்று முதலில் வெட்ட முடிவெடுத்ததே அந்த பஸ்ஸைத்தான். இப்போது பீரங்கிக்கு வாக்குப் போட்டால் பஸ்ஸை வெட்டாமல் விடுவார்களாம். இது எப்படி என்று எங்கள் சங்கத்து மகேந்திரராசா விளக்கம் கேட்டார். சொல்லத் தொடங்கிய கார்ஸ்டன் பாதியில் தலைசுற்றி ஒரு பால்தேத்தண்ணி கேட்டார்.

சங்கத்தில் மற்ற எல்லோரிடமும் கார் இருக்கிறது. பஸ் வேண்டியது தலைவர் தவராஜாவுக்கு. அவருடைய மனைவி ஞானேஸ்வரி எஸ்பியர்க்கில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். ஞாபகம் தேய்ந்து, முப்பது வருசம் கதைத்த டெனிஸ் முழுவதும் போய்விட்டது. தமிழ் மட்டும் மிச்சம். அந்த இல்லத்தில் தமிழ் தெரிந்தவர் ஒருவருமில்லை. தவராஜா போகிற நாளில்தான் அவர் வாய் திறப்பார். தவராஜாவுக்கோ கண் பார்வை மங்கி லைசென்ஸ் போய்விட்டது.

அப்படிப்பட்டவர் கேட்டால் கல்லும் கரையும் என்று பஸ் கேட்கும் பொறுப்பை அவரிடமே விட்டோம். நாற்பது வருசத்தில் நாங்கள் இதைவிட ஒரு மடைத்தனம் செய்ததில்லை.

கார்ஸ்டன் பேனையைத் திறந்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்.

தவராஜா இரண்டு கையையும் விரித்தார்.

“சீச்சீ, எங்களுக்கு ஒண்டும் வேண்டாம். நீங்கள் வந்ததே பெரிய காரியம்.”

இதைப் பிழையில்லாத டெனிஸில் சொன்னார். அதுதான் கேடு.

மேசைக்குக் கீழே என் வலது கால் அவருடைய இடது காலை உதைத்தது. ஆள் அசையவில்லை. பின்னாலிருந்து செயலாளர் சுஜீவா தமிழில் முணுமுணுத்தாள்.

“அண்ணை, பஸ்ஸைச் சொல்லுங்கோ.”

தவராஜா ஒரு பார்வையால் அவளை அடக்கினார். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கேட்டவுடன் வாயைத் திறக்கிறவன் ஆசைபிடித்த பறக்காவெட்டி. முதல் தரம் வேண்டாம் என்க வேண்டும். இரண்டாம் தரமும் வேண்டாம். மூன்றாம் தரம் வந்தவர் வற்புறுத்தும்போது, இவ்வளவு சொல்கிறீர்கள், சரி, என்று இழுத்து இழுத்துக் கேட்க வேண்டும்.

கார்ஸ்டன் இரண்டாம் தரமும் கேட்டார். உண்மையாகவே ஒன்றும் வேண்டாமா?

உண்மையாகவே வேண்டாம் என்று தவராஜா நெஞ்சில் கைவைத்தார். வைத்துக்கொண்டு மூன்றாம் தரத்துக்குக் காத்திருந்தார். அந்த முகத்தில் பஸ் முழுதாகத் தெரிந்தது, இலக்கத் தகடு உட்பட.

கார்ஸ்டன் பேனையை மூடினார். இத்தனை வருட அரசியலில் இப்படி ஒரு சனத்தைக் கண்டதில்லை என்று கண் கலங்கினார். போதும், போதும் என்று அவர் கையெடுத்துக் கும்பிட, எங்கள் பெண்கள் பதினோராவது றோல்ஸைத் தட்டில் வைத்தார்கள். அவர் சொன்ன ‘வேண்டாம்’ என்பதை நாங்கள் ஒருவரும் நம்பவில்லை. எங்களுடையதை அவர் நம்பிவிட்டார்.

சட்டம் தொண்ணூறு வாக்கோடு நிறைவேறியது. கைப்பந்துக்குக் கூரை வந்தது. குதிரைகள் தனிப்பாதையில் போகின்றன. சந்தியில் என்னைக் கண்டால் தலையாட்டுகின்றன. அடுத்த மாதம் முதலாம் தேதி பஸ் நின்றது.

கடைவாசலில் மகேந்திரராசா தவராஜாவைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணை, அடுத்த யுத்தத்துக்காவது வாயைத் திறவுங்கோ.”

தவராஜாவை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கேட்டால் வாயிலிருந்து முத்து கொட்டிவிடுமா? பின்னேரத்தில் தவராஜா எடுத்தால் இல்லத்துத் தாதி போனை ஞானேஸ்வரியின் காதில் வைக்கிறாளாம். அவர் போனில் கதைக்கமாட்டார். மூச்சு மட்டும் கேட்கிறதாம்.

காரில் கொண்டுபோய் விடட்டோ என்று எங்கள் ஆட்கள் கேட்காமல் இல்லை. எல்லோரும் கேட்டார்கள். உங்களுக்கு ஏன் கரைச்சல் என்றார் தவராஜா. திரும்பவும் கேட்டார்கள். வேண்டாம் என்றார். அதோடு விட்டுவிட்டார்கள். இவ்வளவு காலத்தில் நாங்களும் அந்தளவுக்கு டெனிஸ்காரர் ஆகிவிட்டோம்.

இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணிக்குப் பிறகு எந்நேரமும் பார்க்கலாம். கிரின்ஸ்டெட்டிலிருந்து காரில் முக்கால் மணித்தியாலம். சும்மா சொல்லி வைக்கிறேன், நான் உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை.

தவராஜா என்பது என் பெயர்.