பாத்திரத்தில் விரிசல்

“இதுல ஏதோ தில்லுமுல்லு இருக்கு. பார்த்துக்கிட்டே இரு” என்று ஆய்வாளர் மனைவியின் காதில் சொன்னார்.

“கேக் சுடப் பாத்திரம் வாங்க வந்திருக்கோம். கொலைக் கேஸுக்கு வரல” என்றாள் அவள்.

ஆய்வாளர் என்றால் போலீஸ் அல்ல. எடை, அளவு ஆய்வாளர். ஓய்வு பெற்றுவிட்டார், சந்தேகம் மட்டும் இன்னும் பணியில் இருந்தது. மாமனார் வீட்டுக்கு முதன்முதலாகப் போனபோது சமையலறைத் தராசைத் திருப்பிப் பார்த்தவர் அவர்.

மனைவிக்கு ஸ்டோன்வேர் பாத்திரம்தான் வேண்டும். பூப்போட்டதா, வெறும் மண்நிறமா, நீளமா, வட்டமா என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் கனம் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கடையில் செய்முறை விளக்கம் தொடங்கியது. இருவரும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள்.

செய்முறை காட்ட வந்த பெண்ணிடம் கடைக்காரர் தணிந்த குரலில் சொன்னது ஆய்வாளர் காதில் விழுந்தது. “இன்னிக்கும் ஒண்ணும் போகலேன்னா இத்தோட நிறுத்திக்கலாம்மா.”

“கேட்டியா? பிழைப்பு ஆட்டம் காணுது. இந்த நேரத்துலதான் ஏமாத்துவாங்க” என்றார்.

செய்முறைப் பெண் தன் கறுத்த பாத்திரத்தைத் தூக்கிக் காட்டினாள். “இது மண்ணுதாங்க. கல்லா இறுகுற வரைக்கும் சூளையில சுட்டது. மேல கண்ணாடிப் பூச்சு கிடையாது. பழகப் பழகக் கறுக்கும். கறுத்தாத்தான் கேக் ஒட்டாம வரும்.”

வலது கைப்பிடியில் எள்ளளவு சில்லு பெயர்ந்திருப்பதை ஆய்வாளர் மனத்தில் குறித்துக்கொண்டார்.

“துணைக்கு ஒருத்தர் வாங்களேன். அக்கா, நீங்க?”

மனைவி, வேறு யாரையோ கூப்பிடுவதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தாள். நாலு பேர் முன்னால் நின்று அவளுக்குப் பழக்கமே இல்லை.

“சும்மா வாங்கக்கா. இதைப் பின்னாடி குழாயில ஒரு தடவை அலசிக்கிட்டு வந்துடுங்க.”

அவள் பாத்திரத்தோடு தடுப்புக்குப் பின்னால் போனாள். செய்முறைப் பெண் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: “சோப்பு மட்டும் போட்டுடாதீங்க. பூச்சு இல்லாத மண்ணு, சோப்பைக் குடிச்சுக்கும். அப்புறம் கேக் நுரை தள்ளும்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஆய்வாளர் சிரிக்கவில்லை. அவர் கண் அந்தப் பெண்ணின் கைகள் மேலேயே இருந்தது.

மனைவி திரும்பி வந்து மாவைக் கலக்கினாள், சிந்தாமல் ஊற்றினாள். கூட்டம் கைதட்டியது. முகமெல்லாம் பூரிப்பாக வந்து உட்கார்ந்தவள், “பார்த்தீங்களா?” என்று கணவரை இடித்தாள்.

செய்முறைப் பெண் பாத்திரத்தைத் தடுப்புக்குப் பின்னாலிருந்த ஓவனில் வைத்தாள். முக்கால் மணி நேரத்தில் கேக் வந்தது. பொன்னிறம். எல்லோரும் கேக்கைப் பார்க்க, ஆய்வாளர் கைப்பிடியைப் பார்த்தார். சில்லு இல்லை!

“ஏம்மா, நில்லு. உள்ளே போன பாத்திரம் இது இல்லையே?”

கேக் வெட்டக் கத்தியை ஓங்கிய அவள் கை நின்றது. “இது அது இல்ல சார். கடை வாசனையா இருக்கணும்னு முன்னாடியே ஒண்ணு சுட்டு வச்சிருந்தேன்...”

“அப்படிச் சொல்லு! அந்தப் பாத்திரம் எங்கே?”

ஆய்வாளர் மனைவியின் முகம் சுண்டிப்போனது. “ஏம்மா, நான் கலக்கினது கெட்டுப்போச்சா?”

செய்முறைப் பெண் அவளை ஒரு கணம் பார்த்தாள். “ஐயோ, இல்லக்கா. உங்க கேக் அருமையா வந்துச்சு. பாத்திரம்தான் விரிசல் விட்டுடுச்சு.”

கடைக்காரர் தலையில் கைவைத்தார். வாங்குவதற்காகப் பாத்திரத்தை மடியில் வைத்திருந்தவர்கள் சத்தமில்லாமல் அதைத் திரும்ப அலமாரியில் வைத்தார்கள்.

“எந்த இடத்துல விரிசல்? காட்டு” என்றார் ஆய்வாளர்.

“வேண்டாம் சார். சுடும்.”

அது போதாதா அவருக்கு? விறுவிறுவென்று தடுப்புக்குப் பின்னால் போனார்.

சில்லு பெயர்ந்த பாத்திரம் காலியாக மேடைமேல் இருந்தது, பக்கத்துத் தட்டில் மனைவி கலக்கிய கேக். விரல் மடக்கித் தட்டினார். மணி மாதிரி ஓசை. துணியால் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மயிரிழை விரிசல்கூட இல்லை.

சொந்தப் பாத்திரத்தையே விரிசல் என்று சொல்லி வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்கிற ஏமாற்றுக்காரியை அவர் இதுவரை பார்த்ததில்லை. கேக்கில் ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டார்.

சோப்பு!

குழாயடியில் தேய்க்கிற நார் கிடந்தது. அதில் நுரை இன்னும் அடங்கவில்லை. அலசச் சொன்னதைக் கறை போகத் தேய்த்துக் கொடுத்திருக்கிறாள், புண்ணியவதி. அவள் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் சோப்புக் கூடாது என்ற பேச்சு வெளியே நடந்திருக்கிறது.

தடுப்பின் இடுக்கு வழியாகப் பார்த்தார். முன்வரிசையில் மனைவி இரண்டு கைகளையும் மடியில் கோத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு வெளியே வந்தார்.

“என்ன சார், பெரிய விரிசலா?” என்றார் கடைக்காரர், அழாக்குறையாக.

“விரிசலும் இல்ல, ஒண்ணும் இல்ல. பாத்திரம் குத்துக்கல்லு மாதிரி இருக்கு. கேக்லதான் சோப்பு நாறுது.”

மனைவி சட்டென்று நிமிர்ந்தாள். செய்முறைப் பெண் வேண்டாம் என்பதுபோல் தலையசைத்தாள்.

ஆய்வாளர் தொண்டையைச் செருமினார். “சோப்பைக் குடிக்கும்னு சொல்லிச்சு இல்ல? நிஜமா, கதையான்னு பார்க்க நான்தான் பாத்திரத்துல ரெண்டு சொட்டு விட்டேன். இந்தப் பொண்ணு கண்டுபிடிச்சுடுச்சு. நாலு பேர் முன்னால ஒருத்தர் மானம் போகக் கூடாதுன்னு விரிசல்னு சொல்லிடுச்சு.”

கூட்டம் கொதித்தது.

“வயசுக்கு ஏத்த வேலையா சார் இது?”

“வந்ததுலேர்ந்து அவர் முழியே சரியில்ல. நான் அப்பவே நினைச்சேன்.”

“அந்தப் பொண்ணு வயித்துல அடிக்கப் பார்த்தாரே, மனுஷன்!”

திட்டிக்கொண்டே ஆளுக்கொரு பாத்திரத்தை அலமாரியிலிருந்து மறுபடி எடுத்துக்கொண்டார்கள். அவர் சொன்னதில் ஒருவருக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை.