ஊசி போட்டால் நோன்பு முறியாது

"ஊசி போட்டா நோன்பு முறியாது. இமாமே சொல்லிட்டாரு!"

என் வீட்டுக்காரர் மிர்சபெக்கின் கோட்டுப் பையிலிருந்து நான் உருவியெடுத்த புது சிரிஞ்சுக்கு, அவர் சொன்ன விளக்கம் இது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அடப்பாவி மனுசா! போதை ஊசி குத்தின நொடியே தலைக்கு ஏறுது, சொர்க்கம் தெரியுதுன்னு அந்த வேகத்துக்கு மயங்கித்தானே நாசமாப் போனே? இப்ப அதை விடுறதுக்கு ஆஸ்பத்திரியில தினமும் குடிக்கிற மருந்து மெதுவா இறங்குது. கிறுகிறுப்பும் இல்ல, நடுக்கமும் இல்ல. தந்தூர் அடுப்புல ரொட்டி சுட்டு மனுசனா இருக்கே. அது பொறுக்கலையா?"

"நோன்பு மாசம் மட்டுந்தான், புருல்சா. மருந்து ஜன்னலை விடிஞ்சப்புறம்தான் திறக்குறாங்க. பட்டப்பகல்ல, நர்ஸ் கண் முன்னாடி குடிக்கணும். போறவன் வர்றவன் எல்லாம் காறித் துப்புறான்."

ஒரு மாசமாம்! ஒரு குத்து போதாதா, பழைய குழியில் விழ?

நேரே பள்ளிவாசலுக்குப் போனேன். இமாம் சமத்துக்கு என் தம்பி வயசுதான் இருக்கும். வாயில் வந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தேன்.

"நீங்க சொன்ன ஒரு வார்த்தையில என் குடும்பம் அழியப் போகுது!"

அவர் முகம் வெளுத்துப்போனது. "ஐயோ அக்கா, டாக்டர் போடுற ஊசியைத்தானே சொன்னேன்! நோயாளிக்கு நோன்பே கடமையில்லையே."

"அதை அந்த ஆளுகிட்ட வந்து சொல்லுங்க."

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்கே வந்தார். தலைப்பாகையைப் பார்த்ததும் மருந்து ஜன்னல் வரிசையே கப்சிப். நோன்பு வைக்காதவர்களை வைய வந்திருக்கிறார் என்று ஆளாளுக்குத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

சமத் எடுத்துச் சொன்னார். மிர்சபெக் மசியவில்லை.

"மார்க்கம் விடும், ஊர் விடுமா? நாலு பேர் பார்க்க நோன்பு மாசத்துல குடிக்கிற அசிங்கம் உங்களுக்கு எங்க தெரியப்போகுது?"

இமாம் நர்ஸிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கினார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து, அத்தனை பேர் பார்க்க உள்ளங்கையில் வைத்தார்.

"எனக்குச் சர்க்கரை வியாதி, அண்ணே. வருசா வருசம் நோன்பு மாசத்துல கதவைச் சாத்திக்கிட்டு இதை முழுங்குறேன். எனக்கும் ஊருக்குப் பயந்தான். உங்க மருந்தை வாங்குங்க, இன்னிக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே குடிப்போம்."