கோபக்காரிகளின் இசைத்தட்டுகள்

"பொம்பளைங்க கோபத்த மதிக்கத் தெரியணும். அதனாலதான் பொண்ணுங்க பாடுற பங்க் ராக் பேண்டா பார்த்துச் சேர்த்திருக்கேன்" என்றார் ஜூலியஸ்.

சிங்கப்பூர் ஜாலான் புசாரில் இருந்த அவர் வீட்டின் அலமாரியில் நாற்பது இசைத்தட்டு உறைகள் வரிசையாக நின்றன. பத்திரிகை நிருபர் வைஷாலி அவற்றைப் படம் எடுத்தாள்.

"அந்த ரெக்கார்டு எல்லாம்..." என்று உள்ளறையிலிருந்து அவர் மனைவி ரெஜினா ஆரம்பித்தாள்.

"பேட்டி நடக்குதுல்ல? குறுக்க பேசாத! பெட்டிய அப்புறம் கட்டலாம், முதல்ல கோப்பி கலக்கு." பிறகு வைஷாலியிடம், "தோ பாயோல அக்கா வீட்டுக்கு ரெண்டு நாள் போறா" என்று சிரித்தார்.

"இப்பவும் இதெல்லாம் கேப்பீங்களா சார்?"

"தினமும்லா! காலையில கூட ஒண்ணு கேட்டேன். அந்தப் பொண்ணு கத்துறப்ப கண்ணு கலங்கிடுச்சு."

"அதையே போடுங்களேன், சார்."

ஜூலியஸ் ஓர் உறையை உருவினார். லேசாக இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. அடுத்ததும் காலி. அதற்கடுத்ததும் காலி.

"ரெஜினா! ரெக்கார்டெல்லாம் எங்கடி?"

கனத்த பெட்டியை இழுத்துக்கொண்டு ரெஜினா வெளியே வந்தாள்.

"இதுல இருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடி என் சம்பளத்துல நான் வாங்கினது. உறையிலேர்ந்து எடுத்து மூணு வாரம் ஆச்சு. இன்னைக்குத்தான் தேடுறீங்க."

வைஷாலியின் பேனா நின்றது. "ஆன்ட்டி, எப்ப திரும்பி வருவீங்க?"

"வரமாட்டேன். உறையெல்லாம் இங்கேயே இருக்கட்டும்மா. போட்டோவுக்கு அவருக்கு அது போதும்."