தாஸ் போட்ட மூக்கு

"காதை இன்னும் கொஞ்சம் வெளிய இழுங்கண்ணே. மொறம் மாதிரி விரிஞ்சு நிக்கணும்."

ராமதாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு மவுஸை நகர்த்தினார். திரையில் இருந்த அழகனின் காது ஒரு விரற்கடை வெளியே வந்தது. காலையிலிருந்து இதுதான் பிழைப்பு. தன் கையால் வரைந்த முகத்தைத் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டிருந்தார்.

செல்லூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே இருந்தது அவர் கடை. ஒரு காலத்தில் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளுக்குக் கதாநாயகர்களை வரைந்து பேர் வாங்கியவர். தொடர்கதைகள் நின்றபின், அந்தப் பழைய படங்களையெல்லாம் ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் வண்ணம் ஏற்றி, வரைந்ததைவிட அழகாக்கிக்கொண்டிருந்தார். 'பழைய படங்கள், போட்டோக்கள் புதுப்பித்துத் தரப்படும்' என்று வாசலில் போர்டும் வைத்தார்.

அந்தப் போர்டைத் தேடிக்கொண்டுதான் அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து வந்திருந்தாள் தங்கப்பொண்ணு. மஞ்சள் பையிலிருந்து ஒரு பழுத்த பென்சில் படத்தை எடுத்து நீட்டினாள். மூலையில் 'தாஸ்' என்று கையெழுத்து.

கையெழுத்தே தேவையில்லை. மூக்கைப் பார்த்ததும் தன் படம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் வரைந்த ஆண்கள் அத்தனை பேருக்கும் அதே எடுப்பான மூக்குதான். எந்தக் கதைக்கு வரைந்தது என்பதுதான் ஞாபகம் வரவில்லை.

"கலர் ஏத்திருவோம்மா. ஜம்முனு ஆயிருவான்."

"கலரு வேணாம்ண்ணே. மொதல்ல மூக்கைக் கொஞ்சம் அமுக்குங்க."

அங்கே ஆரம்பித்தது. மூக்கு சப்பையானது. மேல்வரிசைப் பல் முன்னால் வந்தது. தாடை ஒடுங்கியது. ஒவ்வொன்றுக்கும் முன்பு அவள் வாசல் வரை போய்த் தெருவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"யாரைம்மா தேடுறீங்க?"

"எங்க வீட்டுக்காரரு டீக்கடையில நிக்கிறாரு. பேப்பரு படிச்சுக்கிட்டே எங்கிட்டாவது போயிருவாரு."

ராமதாஸுக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, இவன் உங்களுக்கு என்னம்மா பாவம் பண்ணுனான்? இவன் மொதல்ல இருந்த மாதிரி முகத்தைப் போடச் சொல்லி மெட்ராஸ்ல இருந்து எனக்குத் தந்தி வரும். அவனவன் அழகாக்கச் சொல்லுவான். நீங்க என்னடான்னா..."

"அழகாத்தான்ண்ணே போட்டிருக்கீக. அதுல ஒண்ணும் கொறை இல்ல. வலது கண்ணு லேசா சின்னதா இருக்கணும்."

கண்ணையும் சின்னதாக்கினார். கரண்ட் போய் யு.பி.எஸ். கத்தியது. எதிர்த் தறிகள் நின்ற அமைதியில் தன் மூச்சு இரைவது அவருக்கே கேட்டது. கடுப்போடு கேட்டார்: "முடி மட்டும் எதுக்கு? அதையும் கொட்ட வச்சுரவா?"

"முடி அப்ப இருந்துச்சு. அதுல கை வைக்காதீக."

கரண்ட் வந்தது. அவள் திரையருகே குனிந்து, கண்களை இடுக்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். "சரியா இருக்கு. பிரிண்ட் போடுங்க."

ராமதாஸ் மூலையில் இருந்த தன் கையெழுத்தை அழிக்கப் போனார். இந்த முகத்துக்குக் கீழே தன் பேரா?

"அதை அழிக்காதீக. அது அப்பிடியே இருக்கட்டும்."

பிரிண்டர் கரகரவென்று ஓடிக்கொண்டிருக்கும்போது ஓர் ஆள் கடைக்குள் நுழைந்தார். வழுக்கைத் தலை, கக்கத்தில் பேப்பர். "முடிஞ்சுதா? பஸ்ஸு போயிரும்" என்றவர், வெளியே வந்த படத்தைப் பார்த்ததும் பல் தெரியச் சிரித்தார்.

"அட, நான் பம்பாயில இருக்கையில எடுத்த போட்டோ மாதிரியே இருக்கே! இது ஏது ஒனக்கு?"

ராமதாஸ் படத்தைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார். அதே காது, அதே சப்பை மூக்கு, அதே சின்னக் கண்.

அவள் வீட்டுக்காரர் பேயாண்டி படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கப்பொண்ணு குரலைத் தாழ்த்தினாள்.

"இவரு பம்பாயில இருந்ததால பொண்ணு பாக்க வரலண்ணே. தரகருதான் இவரு போட்டோவை ஒங்ககிட்டக் குடுத்து, பெருசா வரைஞ்சு வாங்கிட்டு வந்து காட்டுனாரு. நல்ல மனுசன்தான், குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா நான் சரின்னு தலையாட்டுனது இவருக்கு இல்ல."

ராமதாஸ் பார்வையைத் திரைப்பக்கம் திருப்பிக்கொண்டார். "அது... பொழப்புக்கு... அப்ப எல்லாரும் அப்பிடித்தாம்மா போடச் சொல்லுவாங்க. அதெல்லாம் அந்தக் காலம்."

"அந்தக் காலமா?"

மஞ்சள் பைக்குள் மறுபடி கை விட்டாள். இந்த முறை வெளியே வந்தது பளபளப்பான ஒரு கலர் போட்டோ. கோட்டு போட்ட இளைஞன், பின்னால் துபாய்க் கட்டடங்கள். போன மாதம் இதே கம்ப்யூட்டரில் அவர் செய்து கொடுத்தது. நட்ட நடுவே அந்த எடுப்பான மூக்கு.

"கம்ப்யூட்டருல பழையபடி ஆக்க முடியுமான்னு தெரியாமத்தான் மொதல்ல எங்க வீட்டுக்காரரைக் குடுத்துப் பாத்தேன்" என்றாள் தங்கப்பொண்ணு. போட்டோவை அவர் முன்னால் வைத்தாள்.

"இது எம்மகளுக்கு வந்திருக்க மாப்பிள்ளை. இவரோட சொந்த மூக்கைக் காட்டுங்கண்ணே."