லைன் சரியில்லை

"ஹலோ! ஹலோ! கொஞ்சம் சத்தமாப் பேசுங்க. லைன் சரியில்லை!"

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு கத்தினார் நஞ்சப்பன். பாலக்காட்டில் தொழிலாளர் காப்பீட்டு அலுவலகத்தின் அதிகாரி அவர். எழுபத்தாறாம் வருஷத்தில் ஆனைகட்டியிலிருந்து ஒரு டிரங்க் கால் வந்து சேர்வதே பெரிய விஷயம். சேர்ந்ததும் சேர்ந்தது, தகர டப்பாவுக்குள் வண்டு புகுந்த மாதிரி ஒரே இரைச்சல்!

"இதுக்கு மேல சத்தம் வராதுங்க சார்," என்றது மறுமுனை. "ஆனைகட்டி போஸ்ட் ஆபீசுல இருந்துங்க. பொங்கியண்ணன் விசயமாப் பேசறேனுங்க."

குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஆனாலும் வார்த்தை புரிந்தது.

பொங்கியண்ணன் யாரென்று நஞ்சப்பனுக்குத் தெரியும். நூல் மில் மேஸ்திரி. தொண்டையில் புற்றுநோய் வந்து, கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். மனிதர் பிழைத்துக்கொண்டார்; பேச்சு போய்விட்டது. கழுத்தில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்று சீமையிலிருந்து புதிதாக வந்திருக்கிறதாம். அதைக் காப்பீட்டில் வாங்கித் தரச் சொல்லி அவர் போட்ட மனு, நஞ்சப்பனின் மேஜைமேல்தான் தூங்கிக்கொண்டிருந்தது.

"நீங்க யாருங்க? அவருக்குத் தம்பியா?"

"நானும் அந்த ஊட்டு ஆளுதானுங்க."

"சரி, கேளுங்க. எனக்கு மட்டும் இரக்கம் இல்லையா? ஆனா லிஸ்டுலயே இல்லாத சாமானுங்க அது. இந்த ஜில்லாவுல ஒருத்தருக்கும் குடுத்ததில்லை. நாளைக்குத் திருவனந்தபுரத்துல, 'எதை நம்பிக் குடுத்தே'ன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"மொதல்ல ஒருத்தருக்குக் குடுத்தாத்தானுங்களே அடுத்தவங்களுக்கும் கெடைக்கும்? கருவி விக்கற கம்பெனிக்காரரும் அதையேதானுங்க சொல்றாரு. நீங்க ஒண்ணு பாஸ் பண்ணுனா, நெறைய வரவழைச்சு கோயமுத்தூர்லயே விப்பாராமா. இல்லீன்னா, வெச்சுப் பாருங்கன்னு குடுத்ததை வெள்ளிக்கிழமை திருப்பி வாங்கிட்டுப் போயிருவாருங்க."

"அதுக்கு நான் என்னங்க செய்யறது?"

"பேச்சில்லாத மேஸ்திரியை மில்லுல யாருங்க வெச்சுக்குவா? அதை விடுங்க சார். கருவி வந்த அன்னிக்கு, 'சுப்பாத்தா'ன்னு பேரு சொல்லிக் கூப்பிட்டதும், அவ அடுப்படியிலேயே உக்காந்து அழுதுபோட்டாளுங்க."

"யாரு சுப்பாத்தா?"

"பொங்கியண்ணன் சம்சாரமுங்க."

நஞ்சப்பனுக்கு மனசு இளகியது. இளகிய வேகத்திலேயே ஆடிட் ஞாபகம் வந்து தொலைத்தது.

"ஏனுங்க, அது வெறும் விளையாட்டுச் சாமான்னு எங்க டாக்டரே சொல்றாருங்க. நொய்யினு ஒரு சத்தம் வருமாம், ஒரு எழவும் புரியாதாம். அதுக்கு ஊமைச் சாடையே மேலுங்களே!"

"டாக்டரு காதால கேட்டிருக்காருங்களா?"

நஞ்சப்பன் தலையைச் சொறிந்தார். "அவரும் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டதுதான்."

"கேக்காமயே வேண்டாமுன்னா எப்படிங்க சார்?"

அடேயப்பா, பேச்சில் இவனை மடக்க முடியாது போலிருக்கிறதே! நஞ்சப்பனுக்குச் சிரிப்புதான் வந்தது. அந்த நேரம் பார்த்து எக்ஸ்சேஞ்சுப் பெண் குறுக்கே புகுந்தாள்.

"சாரே, மூணு மினிட் ஆயி. நீட்டட்டே?" கணீரென்று இருந்தது அவள் குரல்.

"நீட்டும்மா, நீட்டு. மொதல்ல இந்த லைனைச் சரி பண்ணு!"

"லைன் கிளியராணு சாரே!" வெடுக்கென்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

கிளியராம் கிளியர்! அந்தப் பக்கம் தபாலில் முத்திரை குத்துகிற டொக் டொக் கேட்கிறது, பஸ் கண்டக்டரின் விசில் கேட்கிறது. பேசுகிற மனுஷன் குரல் மட்டும் இந்த லட்சணத்தில் வருகிறது. டெலிபோன்காரர்களைத் திட்டிக்கொண்டே மனுவை எடுத்து முன்னால் வைத்தார் நஞ்சப்பன்.

"மனு நம்பர் சொல்றேன், எழுதிக்குங்க."

"ரெண்டு கையும் ஒழியலீங்க சார். சொல்லுங்க, நெனப்புல வெச்சுக்கறேன்."

"போன் பேசறப்பக்கூட மூட்டையாங்க தூக்குவீங்க? சரி, விடுங்க. சட்டத்துல ஒரு வழி இருக்குது. புதுச் சாமானை அதிகாரி தானே சோதிச்சுப் பார்த்துத் திருப்திப்பட்டா, கையெழுத்துப் போடலாம். ஒருத்தரும் கேள்வி கேக்க முடியாது. பொங்கியண்ணன் அந்தக் கருவியை வெச்சு என்கூடப் பேசட்டும். இந்தப் பாழாப்போன இரைச்சல்லயும் உங்க பேச்சு எனக்குப் புரியுதில்லீங்க? அந்த அளவுக்குப் புரிஞ்சாப் போதும். அந்த நிமிஷமே பாஸ். இனிமே கேட்டு வர்றவங்களுக்கும் சேர்த்து!"

"பேச்சு மாற மாட்டீங்களே சார்?"

"நான் கொழிஞ்சாம்பாறைக்காரனுங்க. சொன்னாச் சொன்னதுதான்."

மறுமுனையில் இரைச்சல் சட்டென்று நின்றது. முத்திரைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நஞ்சப்பன் பதறிப்போய், "ஹலோ! இருக்கீங்களா? ஹலோ!" என்றார்.

இரைச்சல் திரும்பி வந்தது.

"அப்பக் கையெழுத்தைப் போட்டுருங்க சார். லைனு நல்லாத்தானுங்க இருக்குது. பொங்கியண்ணன்தான் பேசறேனுங்க."